ஆசனம் மிஞ்சினால் அக்கரப்பத்தனை

இலங்கையின் மலைநாட்டைக் காணப் புறப்படுகிறவர்களுள் பெரும்பாலோர் நுவரெலியாவோடு திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார்கள். அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகின்ற பெருவீதியில், லிந்துலைப் பக்கத்தில் ஒரு கிளை வீதி தெற்கே பிரிந்து போவதை அவர்களுள் எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ தெரியாது. அந்த வீதியோடு போனால் வருவது அக்கரப்பத்தனை. இரு மருங்கிலும் தேயிலை, தேயிலைக்கு நடுவே லயங்கள், லயங்களுக்கு மேலே மேகம். வீதி வளைந்து வளைந்து மன்றாசிக் கடைத்தெருவைத் தொட்டு, அப்பால் டயகம வரையில் ஓடுகிறது. டயகமவுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி. அந்தப் பக்கமிருந்து இறங்கி வருகின்ற ஆக்ரா ஓயா பள்ளத்தாக்கில் சலசலத்துக்கொண்டே போய், கொத்மலை ஓயாவாகி, மகாவலி கங்கையில் கலக்கிறது.

'பத்தனை' என்பது மலைப் புல்வெளியைக் குறிக்கும் 'பத்தன' என்ற சிங்களச் சொல். புல்வெளி இருந்த இடத்தில் இன்று புல்லைத் தேடித்தான் காணவேண்டும். தோட்டங்களுக்கு வெள்ளைக்காரத் துரைமார் இட்ட பெயர்கள் பெல்மோரல், கிளாஸ்கோ, சென்றிங்ஹாம், டொரிங்டன், ஹோல்புரூக் என்று தங்கள் ஊர் நினைவாகவே இருக்கின்றன. கொழுந்து பறிக்க வந்தவர்களும் தங்கள் ஊர் நினைவாக ஏதாவது வைக்காமல் இல்லை. அவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்காட்லாந்து தேசத்தின் பெயரைத் தாங்கிய ஒரு மலையில், தமிழ்நாட்டுக் காவல் தெய்வம் கையில் அரிவாளோடு நிற்கின்ற காட்சியை உலகத்தில் வேறெங்கும் காண்பது அரிது!

இந்த ஊரின் கதையே ஒரு பிரயாணச் சீட்டின் கதை என்று சொன்னால் மிகையாகாது. முதன்முதலில் வந்தவர்கள் கங்காணியின் பின்னால் நடந்து வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகர டிக்கெட்' வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த ஒரு சிறு தகர வில்லை அது. கழுத்தில் கயிற்றிலே தொங்கும். அதைக் காட்டினால் கப்பலுக்கும் ரயிலுக்கும் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியதில்லை. செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். பிறகு அது ஆளின் கடனாக மாறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால் அந்தக் கடனைத் தீர்த்ததற்கு அத்தாட்சியாகத் 'துண்டு' என்னும் கடுதாசி வேண்டும். துண்டு முறை 1921-ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. எசமான் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் வந்த ஜனங்கள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை வாசகர்கள் இதிலிருந்து ஊகிக்கலாம்.

எசமான் கொடுக்கின்ற டிக்கெட் ஒன்றோடுதான் எனக்கும் அண்மையில் அக்கரப்பத்தனைப் பிரயாணம் வாய்த்தது. டிக்கெட் என்னுடையது அன்று, நண்பர் ஒருவருடையது. அவர் சென்னையில் ஒரு விமானக் கம்பெனியின் சிப்பந்தி. பிறந்தது நீலகிரியில், கோத்தகிரிக்குப் பக்கத்தில். ஆனால் அவருடைய தாயார் பிறந்தது அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றின் லயத்தில்.

1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று லட்சம் பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்வதென்றும் வகுத்தது. 1974-இல் அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எண்ணிக்கையைப் பிரிப்பது சுலபம். நண்பரின் பாட்டனார் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். மூத்த மகளை அதற்குள் கட்டிக் கொடுத்தாயிற்று. சம்பந்தி வீட்டார் இலங்கைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஆகவே 1973-இல் இளையவள் பெற்றோரோடு கோச்சி ஏறினாள். மூத்தவள் மேடையிலே நின்றாள். மலைநாட்டில் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பெயர். தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசாங்கம் 1968-ஆம் ஆண்டு முதல் அங்கே தேயிலை பயிரிட்டு வந்தது. விட்டு வந்ததும் தேயிலை, வந்து சேர்ந்ததும் தேயிலை. அந்தக் கப்பலும் 1984-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 2023-இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஒரு பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியதென்றாலும், காங்கேசன்துறையிலிருந்து அக்கரப்பத்தனை ஒரு பகல் தூரம். எழுபது வயதைத் தாண்டிய அம்மாளுக்கு ஆகாய மார்க்கமே உகந்தது என்று மகன் தீர்மானித்தார்.

விமானக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பிரயாணம் இனாம் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. நானும் நண்பரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "இனாம் இல்லை, அண்ணே. மிச்சம். பந்தி முடிஞ்சு மிச்சம் இருந்தா எங்களுக்கு இலை போடுவாங்க" என்றார்.

விஷயம் இதுதான். தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது எளிது. பறித்த கொழுந்து அன்றைக்கே ஆலைக்குப் போய் வாடப் போட்டாக வேண்டும். கூடையிலேயே கிடந்தால் புழுங்கிப் பாழாகும். விமானத்தின் ஆசனமும் அப்படித்தான். கதவைச் சாத்தி விமானம் எழும்பிவிட்டால், அன்று விற்காத ஆசனத்தை மறுநாள் விற்க முடியாது. அந்த வீணாகும் ஆசனத்தைத் தன் சிப்பந்திக்கும் அவன் குடும்பத்துக்கும் மிகச் சொற்ப விலைக்குக் கொடுத்தால் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. சிப்பந்திக்கோ சம்பளத்துக்கு மேல் ஒரு சலுகை. ஆனால் ஆசனம் வீணாகப் போகிறது என்பது கடைசி நேரத்தில்தானே தெரியும்? ஆகையால் இந்த டிக்கெட்டுக்காரரும் கடைசி நேரம் வரையில் காத்திருக்க வேண்டும். 'ஸ்டாண்ட்பை' என்று இதைச் சொல்கிறார்கள். கட்டணத்தில் தொண்ணூறு விகிதம் தள்ளுபடியான டிக்கெட் இவ்வகையில் பிரசித்தமானது. உறுதியான ஆசனத்தோடு கிடைக்கும் சலுகை டிக்கெட்டுகளும் உண்டு. அவற்றுக்குத் தள்ளுபடி குறைவு, விலை அதிகம்.

தன் கம்பெனி விமானத்தில் மட்டுமல்ல, பிற கம்பெனிகளின் விமானங்களிலும் இப்படிப் போகலாம். கம்பெனிகள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு வகையில், சந்தையில் டிக்கெட் என்ன விலைக்கு விற்கிறது என்று பார்ப்பதில்லை; தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து, இத்தனை மைலுக்கு இவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு முதல் நாளானாலும் ஆனி மாதத்துப் புதன்கிழமையானாலும் அந்தத் தொகை ஒன்றே. தொகைதான் ஒன்றே தவிர, ஆசனம் கிடைக்கும் பாக்கியம் ஒன்றல்ல.

இதில் ஒரு சூட்சுமத்தையும் நண்பர் விளக்கினார். தள்ளுபடி கட்டணத்துக்கு மட்டுந்தான். அரசாங்க வரிகளையும் விமான நிலையத் தீர்வைகளையும் எல்லாரையும் போல முழுதாகக் கட்டவேண்டும். லண்டனுக்குப் போகிறவனுக்கு இந்தச் சலுகை பெருந்தொகை. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போவது ஒன்றேகால் மணி நேரத்துப் பிரயாணம், கட்டணமே குறைவு, வரிகளோ குறைவதில்லை. எனவே, பத்தில் ஒரு பங்கில் போய் வருகிறார்கள் என்று அயலார் பொறாமைப்படுவதில் அவ்வளவு நியாயம் இல்லை.

முறை இப்படி: முதலில் பிரயாணம் செய்ய விரும்பும் விமானத்தின் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிய வேண்டும். பிறகு, 'லோட்' எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது எத்தனை ஆசனம் விற்றிருக்கிறது, எத்தனை மிச்சம் என்று. விற்ற கணக்கையும் முழுக்க நம்புவதற்கில்லை. டிக்கெட் வாங்கியவர் வராமல் போகலாம்; முந்திய விமானத்தைத் தவறவிட்ட கூட்டம் ஒன்று திடீரென்று வந்து நிறையலாம். விமான நிலையத்துக்கு உரிய நேரத்தில் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். பணம் கொடுத்த பிரயாணிகள் எல்லாரும் உள்ளே போன பிறகு, மிச்சமுள்ள ஆசனங்களுக்குப் பட்டியலில் உள்ளவர்களை வரிசைப்படி அழைப்பார்கள். அந்த வரிசையிலும் முந்தி வந்தவர் முந்தி என்பது எங்கும் விதியன்று. சொந்தக் கம்பெனிக்காரருக்குப் பிறகுதான் அடுத்த கம்பெனிக்காரர். சொந்தக் கம்பெனிக்காரருக்குள்ளும் சில இடங்களில் பதவியையும், பல இடங்களில் வேலையில் சேர்ந்த தேதியையும் பார்ப்பார்கள். நேற்றுச் சேர்ந்தவன் விடியற்காலையிலேயே வந்து நின்றாலும், இருபது வருஷக்காரர் கடைசியில் வந்து முன்னே போய்விடுவார்.

நிற்பதற்கும் ஒழுங்கு உண்டு. உடை கண்ணியமாக இருக்க வேண்டும். ஆசனம் கிடைக்கவில்லையென்று கூச்சல் போடக்கூடாது. பக்கத்தில் நிற்கும் பிரயாணியிடம் தன் டிக்கெட் எவ்வளவென்று பெருமை பேசவும் கூடாது. அண்டை வீட்டுக்காரருக்கு விற்றால் சலுகை போவது மட்டுமல்ல, வேலையும் போகலாம். குடும்பத்தார் யாராவது தகராறு செய்தால் சிப்பந்தியின் தலையில்தான் விடியும். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, நண்பர் ஒரு வழக்கத்தையும் சொன்னார். அனுபவமுள்ள ஸ்டாண்ட்பைக்காரர் எவரும் முழுக் கட்டணத்துக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வீட்டை விட்டுப் புறப்படுவதில்லையாம். போகிற இடத்தில் அகப்பட்டுக்கொண்டால் வேலைக்குத் திரும்ப வேறு வழி இல்லை.

நாங்கள் புறப்பட்டது ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன, பண்டிகை எதுவும் இல்லை. வேண்டுமென்றே பொறுக்கி எடுத்த நாள். நான் முழுப் பணம் கொடுத்தவன் என்பதால் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கையில் ஆசன எண்ணோடு சுகமாக நின்றேன். அம்மாளும் மகனும் கூண்டுக்கு எதிரே ஒரு தூணருகில் நின்றார்கள். அம்மாள் நீலப் பட்டுக் கரை போட்ட சேலை உடுத்தியிருந்தார். கையில் ஒரு துணிப்பை; அதற்குள் கோத்தகிரித் தேயிலை. தேயிலை நாட்டுக்குத் தேயிலையா என்று கேட்டதற்கு, "நான் பறிச்சதுன்னு அக்கா கையிலே குடுக்கணும், தம்பி" என்றார்.

முதல் நாள் இரவு ஒன்பது ஆசனம் மிச்சம் என்றிருந்த விமானம் அது. காலையில் ஐந்தாயிற்று. பிறகு மூன்று. கூண்டு மூடும் வேளையில் உத்தியோகஸ்தர் பெண் நண்பரைக் கண்ணால் அழைத்து, ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். ஒன்றே ஒன்று.

பிற கம்பெனிகளின் விமானத்தில் போவதானால், சிப்பந்தி உடன் வராமல் தாயோ தந்தையோ தனியே போக முடியாதென்று பல இடங்களில் விதி உண்டு. இது நண்பரின் சொந்தக் கம்பெனியானபடியால் அந்தத் தடை இல்லை. அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அம்மா, நீங்க போங்க. பெரியம்மாவைப் பார்க்கப் போறது நீங்கதானே" என்றார். அம்மாள் நகரவில்லை. "அன்னைக்குக் கோச்சியிலே எல்லாரும் ஒண்ணாத்தானே ஏறினோம்? இதிலே ஒருத்தராத்தான் ஏறணுமா?" என்று கேட்டார். கேட்டது மகனை அல்லவென்று எனக்குத் தோன்றியது. கூண்டிலிருந்த பெண் சீட்டை அச்சிட்டு நீட்டினாள். நான் அம்மாளின் பையை வாங்கிக்கொண்டேன்.

அவருக்குக் கிடைத்த ஆசனம் கடைசி வரிசையில், நடுவில். எனக்குச் சன்னலோரம். மாற்றிக்கொண்டோம்; அதற்கு எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டியதில்லை. கீழே பாக்கு நீரிணை வெயிலில் தகடு போலக் கிடந்தது. அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். இதே கடலை அவர் கப்பலில் கடக்கையில் அடி வயிற்றைக் கலக்கியது என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. சென்னைக்கும் இலங்கைக்கும் ஆகாய மார்க்கம் புதியதன்று. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி எயர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. வானத்தில் வழி திறந்ததும் தரையில் வழி அடைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்.

கட்டுநாயக்காவிலிருந்து வான் ஒன்றை அமர்த்திக்கொண்டு அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஏறினோம். கித்துல்கலையைத் தாண்டியதும் காற்றின் குணமே மாறிவிட்டது. அட்டனில் மழை. தலவாக்கலைக்கு வருமுன் டெவன் அருவி வெள்ளை வேட்டியை உதறியது போல் விழுந்துகொண்டிருந்தது. சென் கிளயர் அருவிக்கு இப்போது அந்த வீறு இல்லை. மேல் கொத்மலை மின்சாரத் திட்டம் 2012-இல் வந்த பிறகு அதன் தண்ணீரைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். லிந்துலைத் திருப்பத்தில் அம்மாள் சாரதியிடம், "மெதுவாப் போங்க" என்றார். மன்றாசிக் கடைவீதியை அடையாளம் தெரியவில்லை என்றார். கோயில் மணியின் ஓசையை மட்டும் அடையாளம் தெரிகிறதென்றார்.

சகோதரிகள் சந்தித்ததை நான் எழுதப் போவதில்லை. லயத்தின் வாசலில் மழை ஒழுகிக்கொண்டிருந்தது, நான் அங்கே நின்றால் இடைஞ்சலாக இருக்குமென்று தோட்டத்துப் பாதையில் சற்று நடந்துவிட்டு வந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். திரும்பி வந்தபோது ரொட்டியும் கட்டைச் சம்பலும், சுடச்சுடச் சாயத் தண்ணியும் காத்திருந்தன. சாயம் கோத்தகிரித் தேயிலையில் போட்டது. "எங்க தூளைவிடக் காட்டம் கொறைவு" என்று அக்காள் தீர்ப்புச் சொன்னார். தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அவர்கள் போட்ட முதல் சண்டை அது.

நண்பர் மறுநாள் இரவு வந்து சேர்ந்தார். அன்று காலை விமானத்திலும் இடமில்லையாம், மாலையில் கிடைத்திருக்கிறது. வந்தவரிடம் பெரியம்மா கேட்ட முதற் கேள்வி, "பெரியப்பா செத்தப்ப ஏன் வரலை, ராசா?" என்பதுதான். நண்பர் தலை குனிந்துகொண்டார். இரண்டு வருஷங்களுக்கு முன் அந்தச் செய்தி போனது ஏப்ரல் மாதத்தில், சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு. பட்டியலில் பெயரைப் பதிந்து மூன்று விமானங்களுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். மூன்றும் நிறைந்து போய்விட்டன. மிச்சமிருந்த ஓரிரு ஆசனங்களுக்கு அன்று கேட்ட விலை அவர்களால் கொடுக்கக் கூடியதாக இல்லை. நான்காவது விமானத்துக்குள் இங்கே அடக்கம் முடிந்துவிட்டது.

இந்தச் சலுகையின் குணம் அப்படி. உலாவப் போகிறவனுக்கு அது மெத்த உபகாரம். அவனுக்கு இன்றில்லாவிட்டால் நாளை. சாவுக்கும் சடங்குக்கும் தேர்த் திருவிழாவுக்கும் நாளைக் கம்பெனி குறிப்பதில்லை. ஊரே ஊருக்குப் போகிற நாளில் எந்த ஆசனமும் மிஞ்சாது. பணம் கொடுத்தவருக்கு முதலிடம் என்பதை நான் குறை கூற மாட்டேன். அது நியாயமான விதியே. என் மனத்தை உறுத்தியது வேறொரு விதி.

பெரியம்மா தம்முடைய சந்தேகத்தை மெல்லக் கேட்டார். "அந்த மிச்சச் சீட்டிலே நானும் ஒருக்கா வந்து கோத்தகிரியைப் பார்த்துட்டு வரலாமா, தம்பி?"

முடியாது. கம்பெனியின் அகராதியில் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர். சில கம்பெனிகள் உடன்பிறந்தாரைச் சேர்க்கின்றன, பல சேர்ப்பதில்லை. தாயின் உடன்பிறந்தாளைச் சேர்க்கிற பேச்சே நண்பரின் கம்பெனியில் கிடையாது. பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே பெயர் வைத்து உரிமை கொண்டாடுகிற ஜாதி நாம். அந்த விண்ணப்பத் தாளில் இவர்களுக்கு ஒரு கட்டமும் இல்லை. ஒப்பந்த காலத்து விண்ணப்பத் தாளிலும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கட்டிக் கொடுத்த மகள் வேறு குடும்பம். அவளுக்கு வேறு தாள், வேறு தேசம்.

நண்பர் இதை எப்படிச் சொல்வதென்று திணறினார். கடைசியில், "தாயிக்கு மட்டுந்தான் குடுப்பாங்க, பெரியம்மா" என்றார். "பெரியம்மான்னா தாயில்லையா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட வேண்டியதாயிற்று. தங்குவதற்கு அனுமதி இன்னும் மூன்று வாரம் இருந்தது. நண்பரின் விடுமுறையும் திங்கட்கிழமை வரையில் இருந்தது. ஆனால் சனி, ஞாயிறுகளில் லோட் நிறைந்திருக்கிறதென்றும், வெள்ளி இரவு விமானத்தில் ஏழு ஆசனம் மிச்சமென்றும் அவர் கைப்பேசி சொல்லிற்று. இரண்டு நாள் கூடுதலாக இருக்கலாமென்று எண்ணியிருந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் சேலைகளை மடித்தார்.

வான் வருவதற்கு முன் நண்பர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். தள்ளுபடிக் கணக்கன்று, முழுக் கட்டணத்தின் கணக்கு. இரண்டு மாதம் முந்தியே, பண்டிகை இல்லாத வாரமாகப் பார்த்து வாங்கினால் பெரியம்மாவுக்கு உறுதியான ஆசனமே எடுத்துவிடலாமென்று சொன்னார். கண்டியிலுள்ள குடிவரவுக் கந்தோருக்குப் போய்க் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் படம் எடுக்க வேண்டும். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். பெரியம்மா ஒவ்வொன்றையும் கேட்டு, பேத்தியை விட்டு நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். பிறப்புச் சான்றிதழ் தகரப் பெட்டிக்குள் இருக்கிறதென்றும், படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலைக்குப் போவதாகவும் சொன்னார்.